வில்லோ மரத்தின் இலை வண்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த நான் தற்போது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மகளின் வீட்டில் தங்கியிருக்கிறேன். பின்வளவில் பெரிய வில்லோ மரமொன்று நிற்கிறது. யூன் மாதத்தில் பச்சைப் பசேலென்று நின்ற மரம், யூலை முடிவதற்குள் முழுவதும் பழுப்பாகிவிட்டது. இலையைப் பிடுங்கிப் பார்த்தால் நரம்புகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அடிப்பக்கத்தில் கரிய புழுக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன; நீல நிறத்தில் மினுங்கும் சிறு வண்டுகளும் உண்டு. மரம் பட்டுப்போகும் என்று சொல்லி மருமகன் அதைத் தறிக்க நினைக்கிறார். காப்பாற்ற வழி உண்டா? எந்த மருந்தை அடிக்கலாம்?
— வாசகி ஒருவர்

பதில்: அம்மா, தறிக்கும் எண்ணத்தை மருமகன் தள்ளிவைக்கட்டும். தாங்கள் விவரித்திருக்கும் அடையாளங்கள் யாவும் வில்லோ இலை வண்டையே சுட்டுகின்றன. பிளாகியோடெரா வெர்சிகலோரா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஐரோப்பாவையும் ஆசியாவையும் பூர்வீகமாகக் கொண்ட இவ்வண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை அடைந்து அங்கேயே நிலைகொண்டுவிட்டது. நிறைவுடலி, அதாவது முழுதாக வளர்ந்த வண்டு, நான்கைந்து மில்லிமீற்றர் நீளமே இருக்கும். குளிர்காலம் முழுவதையும் அது மரப்பட்டையின் வெடிப்புகளுக்குள் ஒடுங்கிக் கழித்துவிட்டு, வசந்தத்தில் வில்லோ தளிர்க்கும் வேளையில் வெளியே வந்து, இளம் இலைகளில் துளையிட்டுத் தின்று, இலையின் அடிப்பக்கத்தில் மங்கிய மஞ்சள் நிற முட்டைகளைக் கும்பலாக இடுகிறது.

ஒரு வாரமளவில் முட்டைகள் பொரிக்கின்றன. முந்திப் பொரித்த குடம்பிகள் (தாங்கள் கண்ட கரிய புழுக்கள் இவையே) பக்கத்திலிருக்கும் பொரிக்காத முட்டைகளைத் தின்பதும் உண்டு. பின்னர் அவை வரிசையாக ஒன்றையொன்று ஒட்டி நின்று, இலையின் சதைப்பகுதியை மட்டும் சுரண்டித் தின்று நரம்புகளை விட்டுவிடுகின்றன. நிறைவுடலி தின்ற இலையில் துளைகளும் ஓரவெட்டுகளும் தெரியும். குடம்பி தின்ற இலையில் நரம்புப் பின்னலும், சில இடங்களில் மெல்லிய தோலும் எஞ்சியிருக்கும். அவ்வாறு எஞ்சிய பகுதி காய்ந்து பழுப்பாவதாலேயே மரம் முழுவதும் தீய்ந்துவிட்டதாகத் தூரத்திலிருந்து தோன்றுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குடம்பி அதே இலையில் தொங்கியவாறு கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை வண்டாக வெளிவருகிறது. குளிர் கூடிய இடங்களில் ஓராண்டில் இரண்டு மூன்று தலைமுறைகள் தோன்றலாம். சூடான இடங்களில் நான்குக்கும் வாய்ப்புண்டு. முதல் தலைமுறையின் சேதம் கண்ணில் படாமற்போவதும், இரண்டாவது தலைமுறை பெருகும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மரம் திடீரென்று நிறம் மாறியதாகத் தோன்றுவதும் இதனால்தான்.

இனி மரத்தின் பக்கத்தைப் பார்ப்போம். அடியோடு தறித்தாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்பும், ஈரமான மண்ணில் ஊன்றிய கொப்பு வேர்விட்டு வளரும் ஆற்றலும் வில்லோவுக்கு உண்டு. வேரில் ஈரமும் உடலில் சேமிப்பும் உள்ள முதிர்ந்த மரம் ஒரு கோடையில் பெரும்பகுதி இலைகளை இழந்தாலும் மறுபடி இலைவிடும். தொடர்ந்து பல ஆண்டுகள் இலையிழந்து, அதனோடு வரட்சியும் சேர்ந்துகொண்டால் மரம் தளர்ந்து வேறு நோய்களுக்கு இடங்கொடுக்கும். அப்போதுதான் கவலைப்பட வேண்டும். ஆனால் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஈரமான வசந்தத்தில் இளந்தண்டுகள் கறுத்து, இலையோடு சேர்ந்து வாடித் தொங்கியிருந்தால் அது பங்கசு நோயாக இருக்கலாம். தண்டு பச்சையாக இருக்க இலை மட்டும் நரம்பாகியிருந்தால் அது வண்டின் வேலையே.

செய்யக்கூடியவை எளியவை. மழை பெய்யாத வாரங்களில் மரத்தின் அடியில், கொப்புகள் கவிந்திருக்கும் பரப்பு முழுவதும், மண் ஆழமாக நனையும்படி நீர் விடுங்கள். எட்டக்கூடிய கொப்புகளில் முட்டைக் கும்பல்களும் புழுக்களும் இருக்கும் இலைகளைக் கிள்ளி, சவர்க்கார நீரில் போடுங்கள். சற்று உயரத்தில் உள்ளவற்றை நீர்க்குழாயின் வேகமான பாய்ச்சலால் வீழ்த்தலாம். உச்சிவரை எட்டவேண்டும் என்று ஏணி வைத்து முயல வேண்டாம்; மரம் பிழைக்க அது அவசியமில்லை.

மருந்தைப் பொறுத்தவரையில், ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காகப் பீடைநாசினி விசிறுவது 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மரத்தின் நலனுக்கு இன்றியமையாதது என்று தகுதிபெற்ற மரவியலாளர் எழுத்தில் உறுதிப்படுத்துவது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்லியிருப்பேன். உயர்ந்த மரத்துக்கு விசிறும் நச்சுமருந்து அயல்வீட்டு முற்றத்தையும் சென்றடைவதோடு, இவ்வண்டின் முட்டைகளைத் தின்னும் பொறிவண்டுகளையும் கொன்றுவிடுகிறது. தறிப்பதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது: ரொறன்ரோ மாநகரத்தில் தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை, அது சொந்த வளவில் நின்றாலும், அனுமதிப்பத்திரமின்றி வெட்ட முடியாது. மகள் இதை மாநகர அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வில்லோ மரப்பட்டையே அஸ்பிரின் மாத்திரைக்கு வழிகாட்டியது என்று வாசித்திருக்கிறேன். மருந்தாகும் அளவுக்குக் கசப்பான ஒரு தாவரத்தை இவ்வண்டுகளால் எவ்வாறு தின்ன முடிகிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவில்

பதில்: ஐயா, நான் மிகவும் விரும்பிப் படித்த விடயத்தையே கேட்டிருக்கிறீர்கள். 1763இல் எட்வேட் ஸ்ரோன் என்ற ஆங்கிலேய மதகுரு, காய்ச்சலுக்கு வில்லோப்பட்டைத் தூள் பயன்படுவதை இங்கிலாந்தின் விஞ்ஞானிகள் அமைப்பான றோயல் சங்கத்துக்கு எழுதினார். 1828இல் ஜேர்மனியின் புக்னர் அந்தக் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்துச் சலிசின் என்று பெயரிட்டார். 1897இல் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய பீலிக்ஸ் ஹொஃப்மன் இன்றைய அஸ்பிரினைத் தூய வடிவில் தொகுத்தார்.

வில்லோ தன் இலையிலும் பட்டையிலும் சலிசினைச் சேர்த்துவைப்பது மேயவரும் உயிர்களை விலக்குவதற்காக. பெரும்பாலான பூச்சிகள் அதைக் கண்டு ஒதுங்குகின்றன. ஆனால் இலை வண்டுகளில் சில இனங்கள் அந்தக் கசப்பைத் தமது ஆயுதமாகவே மாற்றிக்கொண்டன. ஃபிராட்டோரா விற்றெலினே என்ற வண்டின் குடம்பி, தின்ற இலையிலுள்ள சலிசினை முதுகிலுள்ள சுரப்பிகளுக்கு அனுப்பி, அங்கு அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி குளுக்கோசு. அது குடம்பிக்கு உணவு. மற்றப் பாதி சலிசிலல்டிகைட்டு என்ற கடும் மணமுள்ள திரவம். எறும்போ பிற இரைகௌவியோ தொட்டவுடன் குடம்பி முதுகின் இருபுறமும் அத்திரவத்துளிகளை வெளித்தள்ளும்; வந்தது விலகிப்போகும். தன்னைக் காக்க மரம் செலவிட்ட பொருளிலிருந்தே பகைவனுக்கு உணவும் காவலும் சேர்ந்து கிடைக்கின்றன. இதனால் அவ்வண்டு சலிசின் மிகுந்த வில்லோக்களையே தேடிப்போகிறது.

கதை இதோடு முடிந்துவிடவில்லை. இக்குடம்பிகளைத் தின்று வாழும் ஒருவகை மலர் ஈ, அதே சலிசிலல்டிகைட்டின் மணத்தைப் பின்பற்றியே அவற்றைக் கண்டுபிடிக்கிறது. எறும்பை விரட்டும் மணம் ஈயை அழைத்துவருகிறது.

எல்லா இனமும் இப்படியல்ல. முதற் கேள்வியில் வந்த ரொறன்ரோ வண்டின் குடம்பி, மரத்தின் சலிசினை நம்பியிராமல் தன் உடலிலேயே வேறொரு காப்புத்திரவத்தை உருவாக்குகிறது. ஃபிராட்டோரா வல்கற்றிசிமா என்ற நீல வில்லோ வண்டும் அவ்வாறே. அது கசப்புக் குறைந்த இலைகளைத்தான் விரும்பும்.

கேள்வி: வில்லோ அழகுக்காக வளர்க்கப்படும் மரம்தானே? அதன் இலையைத் தின்னும் வண்டை ஐரோப்பிய ஆய்வாளர்கள் பெரும் பீடையாகக் கருதுவது ஏன்?
— விவசாயத்துறை மாணவி, அக்கரைப்பற்று

பதில்: இங்கிலாந்திலும் சுவீடனிலும் வில்லோ ஒரு வயற்பயிர். நெருக்கமாக நட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கொரு முறை அடியோடு வெட்டி, துண்டுகளாக்கி, வெப்பமும் மின்சாரமும் பெறுவதற்கு எரிக்கிறார்கள். வெட்டிய கட்டை மீண்டும் தழைக்கும். தடியின் எடையே வருமானம் என்பதால், தனி மரத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இலையிழப்பு அங்கு நட்டக்கணக்காகிறது. நீல வில்லோ வண்டு கடுமையாகத் தாக்கிய நிலங்களில் தடியின் விளைச்சல் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்திருப்பதைச் சுவீடன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதற்குக் கண்ட தீர்வு தங்களைப் போன்ற மாணவர்கள் கவனிக்கத் தக்கது. ஒரே வகையை நிலம் முழுவதும் நடாமல், வண்டு விரும்பும் வகைகளையும் வெறுக்கும் வகைகளையும் கலந்து நடுகிறார்கள். குளிர்காலத்தை வெளியே கழித்த வண்டுகள் வசந்தத்தில் வயலோரங்களிலேயே முதலில் திரள்வதால், முழு நிலத்துக்கும் மருந்தடிக்காமல் ஓரங்களைக் கண்காணிக்கிறார்கள். வண்டின் முட்டைகளை உறிஞ்சிக் குடிக்கும் சிறு மூட்டுப்பூச்சிகள் பெருகட்டும் என்று அவற்றைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறார்கள். அம்பாறை மாவட்டத்தின் வயல்வெளிகளில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே நெல்லினம் நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கலப்பு நடுகையே நினைவுக்கு வரும்.

கேள்வி: எங்கள் கழகத்தின் பழைய காஷ்மீர் வில்லோ மட்டையில் சிறு துளைகள் விழுந்து மாவாகக் கொட்டுகிறது. இது இலை வண்டின் வேலையா? காஷ்மீரிலிருந்து கொப்பு கொண்டுவந்து இங்கு வில்லோ வளர்க்க முடியுமா?
— கிரிக்கெட் வீரர் ஒருவர், ஏறாவூர்

பதில்: தம்பி, இலை வண்டு மரத்தைத் துளைக்காது, அதன் குடம்பிக்கும் நிறைவுடலிக்கும் இலையே உணவு. மட்டையில் மாவாகக் கொட்டுவது, காய்ந்த மரத்தைத் துளைக்கும் வேறு குடும்ப வண்டுகளால் ஏற்படும் உளு. அம்மட்டையை மற்ற மட்டைகளோடு சேர்த்துவைக்க வேண்டாம்.

மட்டைக்கான ஆங்கில வில்லோ, வெள்ளை வில்லோவின் ஒரு வகை. நட்டுப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகளில் தறிக்கப்படுகிறது. இலை வண்டு அம்மரத்தின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தலாமேயன்றி மட்டையைப் பழுதாக்குவதில்லை. பலகையில் கறை படரச்செய்து மட்டைத்தொழிலுக்கு உண்மையில் நட்டம் விளைவிப்பது ஒரு பக்ரீரியா நோய்.

இங்கு வளர்ப்பது குறித்து: குளிரில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும் மரம் அது. மட்டக்களப்பின் ஆண்டு முழுவதுமான வெப்பத்தில் மட்டைக்கு ஏற்ற தடி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உயிருள்ள கொப்பு எதையும் நாட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. பயணப்பையில் ஒளித்துவரும் ஒரு கொப்பின் பட்டை வெடிப்பில் வண்டும், மொட்டில் பங்கசும் வரலாம். தயவுசெய்து அந்த முயற்சியில் இறங்க வேண்டாம்.

கேள்வி: படுவான்கரையில் மேட்டுநிலப் பயிர் செய்கிறேன். பூசணி, வெள்ளரி, பீர்க்கு முளைத்து இரண்டு இலை விட்டவுடன் செம்மஞ்சள் நிற வண்டுகள் வந்து தின்றுவிடுகின்றன. வில்லோ வண்டும் இதுவும் ஓரினமா? பூச்சிமருந்து அடித்தாலும் சில நாட்களில் திரும்பி வருகின்றனவே?
— விவசாயி ஒருவர், வெல்லாவெளி

பதில்: ஓரினமல்ல, ஐயா, ஒரே குடும்பம். உலகெங்கும் 35,000க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இலை வண்டுக் குடும்பத்தில் வில்லோ வண்டும், தங்கள் தோட்டத்துச் செம்பூசணி வண்டும், வற்றாளை இலையில் காணும் பொன்னிற ஆமை வண்டும், நெல்லிலையில் வெண்கோடுகளை ஏற்படுத்தும் முள்வண்டும் அடங்கும்.

ஆனால் வாழும் முறையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. வில்லோ வண்டின் குடம்பி இலையிலேயே பிறந்து இலையிலேயே வளர்கிறது. பூசணி வண்டோ செடியின் அடியில், ஈரமான மண்ணில் முட்டையிடுகிறது. அதன் குடம்பி மண்ணுக்குள் வேரையும், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காயின் அடிப்பக்கத்தையும் தின்று, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. தாங்கள் இலையில் விசிறும் மருந்து அன்று இலையில் இருக்கும் வண்டைக் கொல்கிறது. மண்ணுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் அடுத்த தொகுதியை அது எட்டுவதில்லை. அயல் தோட்டங்களிலிருந்து பறந்து வருபவையும் உண்டு. திரும்பி வருவதாகத் தாங்கள் காண்பவை இவ்விரு வழிகளிலும் வரும் புதிய வண்டுகள்.

ஆகவே வேலையை மண்ணிலிருந்து தொடங்குங்கள். அறுவடை முடிந்தவுடன் பழைய கொடிகளை வேரோடு பிடுங்கி அகற்றி, மண்ணைப் புரட்டி வெயில் படவிட்டால் குடம்பிகளும் கூட்டுப்புழுக்களும் காய்ந்தும், கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகியும் அழியும். அதே பாத்தியில் மீண்டும் பூசணிக் குடும்பப் பயிரை இடாமல் கச்சான், பயறு போன்ற வேறொன்றை இடுவது நல்லது. முளைத்த நாள் முதல் நான்கைந்து இலை விடும்வரையான காலமே ஆபத்தானது. அந்நாட்களில் ஒவ்வொரு குழியையும் பழைய நுளம்புவலைத் துண்டால், ஓரங்களை மண்ணால் மூடி, காத்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட வேலை முடிந்துவிடும். பூக்கத் தொடங்குமுன் வலையை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தேனீ உள்ளே போகாது, காய் பிடிக்காது. வலையிட வசதி இல்லாவிட்டால், பனி காயாத அதிகாலையில் வண்டுகள் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துச் சவர்க்கார நீரில் போடலாம். அந்நேரத்தில் அடுப்புச் சாம்பலை இலையில் தூவும் நம் பெரியவர்களின் வழக்கமும் பயனுள்ளது. மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் தொல்லை தீராவிட்டால் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை வயலுக்கு அழைத்துக் காட்டுங்கள். எந்த மருந்தை எந்த அளவில் என்பதை நேரில் பார்த்தவர் சொல்வதே சரி.

கேள்வி: இயற்கை எதிரிகள் பார்த்துக்கொள்ளும் என்று எழுதுகிறீர்கள். நம் நாட்டில் ஓர் இலை வண்டை அப்படிக் கட்டுப்படுத்திய உதாரணம் ஏதாவது உண்டா?
— வாசகர் ஒருவர், கல்முனை

பதில்: உண்டு. தென்கிழக்காசியாவைச் சேர்ந்த தென்னை இலைச்சுரங்க வண்டு 1970இல் இலங்கையின் மேற்குக் கரையோரத்தில் கண்டறியப்பட்டது. இலை வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் குடம்பி, ஓலையின் இரு தோல்களுக்கிடையே புகுந்து சதையைத் தின்பதால் தோப்புகள் தீய்ந்து போயின. குடம்பி ஓலைக்குள் மறைந்திருந்ததால் மருந்து விசிறுவது பெரும்பாடாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, வளர்த்து, தோப்புகளில் விட்டபோது சில ஆண்டுகளுக்குள் அவ்வண்டு அடங்கிவிட்டது. வில்லோ இலை வண்டின் கூட்டுப்புழுவைத் தாக்கி அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவியும் இத்தகையதே.

ஆனால் இவ்வாறு ஓர் உயிரைப் புதிதாக நாட்டுக்குள் விடுவது, அது வேறெதைத் தாக்கும் என்பதைத் தனிமைப்படுத்திச் சோதித்த பின்னர் ஆய்வு நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலை. விவசாயி செய்யக்கூடியது, ஏற்கனவே நிலத்தில் இருக்கும் எதிரிகளைக் கொல்லாமல் விடுவதே. கடைகளில் கிடைக்கும் பக்ரீரியா மருந்துகளைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பக்ரீரியாவின் வழக்கமான வகைகள் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கே வேலை செய்யும். இலை வண்டின் குடம்பியைக் கொல்லும் வகை 1983இல் ஜேர்மனியில் விவரிக்கப்பட்ட வேறொன்று. பொதியில் எந்த வகை என்று பார்க்காமல் வாங்கினால் காசுதான் வீண்.

கேள்வி: பொறிவண்டு நல்லது என்கிறீர்கள். எங்கள் கத்தரிச்செடியில் புள்ளிபோட்ட பொறிவண்டே இலையைச் சுரண்டித் தின்கிறது. எதை விடுவது, எதைக் கொல்வது?
— வீட்டுத்தோட்டக்காரர், வாழைச்சேனை

பதில்: இரண்டும் பொறிவண்டுக் குடும்பமே, இலை வண்டுகள் அல்ல. கத்தரியைத் தின்பது எப்பிலாக்னா வகை: மங்கிய செம்பழுப்பு நிறம், மினுக்கமில்லாத மென்மயிர் படிந்த முதுகு, பல புள்ளிகள், அதன் குடம்பி மஞ்சளாக, உடல் முழுவதும் கிளைவிட்ட முட்களோடு இருக்கும். இரைதின்னும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் பூசியதுபோலப் பளபளக்கும். அதன் குடம்பி கருநிறமாக, நீண்ட கால்களோடு சுறுசுறுப்பாக ஓடித்திரியும். முதலாவதை முட்டையோடு இலையைக் கிள்ளி அழியுங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள். ஐயமிருந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் கத்தரி இலையொன்றையும் அசுவுணி பிடித்த பயற்றந்தளிர் ஒன்றையும் இட்டு வண்டை ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எதைத் தின்றிருக்கிறது என்பதிலிருந்து தெரிந்துவிடும்.